கெடுவும் கையெழுத்தும்

பெருநகர் என்ற எங்கள் ஊரில் மோட்டார் கொட்டகைச் சுவரில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி தொங்குகிறது. உள்ளே ஒரு சிம் கார்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு அதன் எண்ணை அழைத்தால் கிணற்று மோட்டார் ஓடும். இன்னொரு முறை அழைத்தால் நிற்கும். தைப்பூசத்தன்று சுற்றுப்பட்டு ஊர்ச்சாமிகள் செய்யாற்றில் வந்து கூடும் இரவில் மட்டும் டவர் திணறும். அழைப்பு போய்ச் சேரப் பத்து நிமிடம்கூட ஆகும். அதனால் குடி ஒன்றும் முழுகிவிடாது, பயிர் பொறுத்துக்கொள்ளும். ஆனால் மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் அதே பெட்டி சில நொடிகளுக்குள் மோட்டாரை டிரிப் செய்தாக வேண்டும். தாமதித்தால் டிரிப் ஆகியும் பயனில்லை, காயில் கருகியிருக்கும். ஒருமுறை அந்த வாடையை முகர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

நிகழ்நேரக் கணினியியலின் அடிப்படைப் பாகுபாடு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு கெடு நெகிழும், மற்றொன்று நெகிழாது. நிகழ்நேரம் என்றால் வேகம் என்று என் மாணவர்களில் பாதிப்பேர் தேர்வில் எழுதுவார்கள். ஜான் ஸ்டான்கோவிச் 1988இலேயே இந்தத் தவறான எண்ணங்களை வரிசையாக எடுத்து மறுத்து ஒரு கட்டுரை எழுதினார். வேகமான கணினி சராசரியில் முந்தும். கெடுவோ ஒவ்வொரு தடவையும் காக்கப்பட வேண்டும். காக்க முடியுமா என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்ல முடிய வேண்டும். இந்தத் துறையில் தரம் என்பது அதுதான்.

மூலநூல் என்று எல்லோரும் காட்டுவது 1973இல் லியுவும் லேலண்டும் எழுதிய கட்டுரை. ஒரே செயலி, குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் பல வேலைகள். அடிக்கடி வரும் வேலைக்கே முதலுரிமை என்று நிலையாக விதித்துவிட்டால், மொத்தச் சுமை ஏறத்தாழ 69 விழுக்காட்டுக்குள் இருக்கும்வரை எதுவும் கெடு தவறாது என்று நிறுவினார்கள். யாருடைய கெடு முதலில் வருகிறதோ அவரை முன்னே விடுவது என்று அவ்வப்போது மாற்றிக்கொண்டால் 100 விழுக்காடு வரை போகலாம். பிறகு ஏன் எல்லோரும் இரண்டாவதையே பிடித்துக்கொள்ளவில்லை? சுமை மிஞ்சிப்போகும் நாளில் முதல் முறையில் கடைசி வரிசைக்காரர்தான் அடிபடுவார், அது தெரிந்த விஷயம். இரண்டாவதில் யார் அடிபடுவார் என்று சொல்ல முடியாது. ஒருவர் பிந்த, அவரால் அடுத்தவர் பிந்துவார். முறைக்கு முறை பிரிந்த சிந்தனைப் பள்ளிகளின் சண்டை எல்லாம் இந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்ததுதான்.

நிலையான முன்னுரிமைப் பள்ளியின் தலைமைப் பீடம் கார்னெகி மெலன் பல்கலைக்கழகம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1984இல் பொறியியல் பட்டம் பெற்றுப் போன ரகுநாதன் ராஜ்குமார் அங்கே லூயி ஷா, ஜான் லெஹோட்ஸ்கி இருவருடன் சேர்ந்து 1990இல் முன்னுரிமை மரபுரிமை என்ற உத்தியை வெளியிட்டார். தாலுகா அலுவலகத்தை நினைத்துக்கொண்டால் புரியும். தாசில்தார் கையெழுத்திடக் காத்திருக்கிறார். முத்திரையோ கடைநிலை ஊழியரிடம். அவரை நடுவிலுள்ள எழுத்தர்கள் டீ வாங்க அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். தாசில்தாரைத் தடுத்தவர் என்று யாரும் இல்லை, ஆனாலும் வேலை நின்றுவிட்டது. உத்தி இவ்வளவுதான்: முத்திரை கையில் இருக்கும்வரை அந்த ஊழியரைத் தாசில்தாராகவே நடத்து. 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலத்தின் கணினி அடிக்கடி தன்னைத்தானே மீளத் தொடங்கிக்கொண்டதற்கு இதே சிக்கல்தான் காரணம். வானிலைத் தரவு திரட்டும் சின்ன வேலை ஒன்று பூட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இடைநிலை வேலைகள் அதை நகரவிடவில்லை. மென்பொருளில் ஏற்கெனவே இருந்து அணைத்து வைக்கப்பட்டிருந்த மரபுரிமை வசதியைப் பூமியிலிருந்தே இயக்கிச் சரிசெய்தார்கள்.

மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஸ்பிரிங் ஆய்வுத்திட்டப் பள்ளி இதற்கு நேரெதிர். வேலை வந்து நிற்கும்போதுதான் திட்டம் போடுவார்கள். முடியும் என்று தெரிந்தால் ஏற்பார்கள், இல்லையென்றால் அப்போதே கைவிரிப்பார்கள். ஸ்டான்கோவிச்சுடன் இதை வளர்த்தவர் சென்னை ஐஐடியில் படித்த கிருத்தி ராமமிருதம். வரிசையின் முன்னால் நிற்கும் சில வேலைகளை மட்டும் பார்த்து முடிவெடுக்கும் அவர்களுடைய வழிமுறைக்குக் கிட்டப்பார்வை வழிமுறை என்றே பெயர். அந்தச் சரடைச் சென்னை ஐஐடியிலேயே பிடித்துக்கொண்டவர்கள் சி. சிவராம் மூர்த்தியும் அவருடைய மாணவர் ஜி. மணிமாறனும். கெடு தவறிவிடும் என்று தெரிந்தால் வேலையைப் பிரித்துப் பல செயலிகளுக்குப் பங்கிடுவது, ஒரு செயலி செயலிழந்தால் ஈடுகட்ட மாற்றுப் பிரதியை முன்பே ஒதுக்கி வைப்பது என்று 1990களின் பிற்பகுதியில் எழுதினார்கள். இருவரும் எழுதிய பாடநூலை எம்ஐடி பதிப்பகம் 2001இல் வெளியிட்டது. நான் கையேடாக வைத்திருப்பது அதைத்தான்.

வியன்னாவின் ஹெர்மன் கோபெட்ஸ் பள்ளிக்கு இதெல்லாம் வீண்வேலை. எல்லாவற்றையும் கடிகாரத்தோடு கட்டிவிடு, நிகழ்ச்சி எதுவும் கதவைத் தட்ட வேண்டாம் என்பது அவர் கட்சி. உயிராபத்துள்ள இடங்களில் நானும் அந்தக் கட்சிதான். எங்களுக்குக் கிழக்கே கடலோரம் இருக்கும் கல்பாக்கத்தின் முன்மாதிரி வேக ஈனுலையில், உள்ளக வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டிருக்க மும்மடிக் கணினிகள்; மூன்றில் இரண்டு ஒத்துச் சொன்னால் உலையை நிறுத்த வேண்டும். அங்கே சாமர்த்தியத்துக்கு மதிப்பில்லை.

கெடு வலைப்பின்னலுக்கும் உண்டு, அதைப் பற்றி ஒன்று மட்டும். 2004 டிசம்பர் 26 காலை, புதுச்சேரியை அடுத்த நல்லவாடுக்குச் சிங்கப்பூரிலிருந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி வருகிறது என்று தொலைபேசியில் எச்சரித்தார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவு மையத்துக்கு அங்கே ஒலிபெருக்கி இருந்தது. தொலைபேசி, ஒலிபெருக்கி, ஓடும் கால்கள். அலை வருவதற்குள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வெளியேறிவிட்டார்கள். கெடுவைக் காத்த வலைப்பின்னலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் சொன்னதில்லை.

நிகழ்நேரக் கணினியியலின் இந்த மரபைத் தேடிப் படிக்கும் தமிழ் மாணவன் முதலில் தடுக்கி விழுவது பெயரில். 2001 நூலின் அட்டையில் ஜி. மணிமாறன். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மின்கட்டமைப்பின் இணையப் பாதுகாப்பை ஆராயும் பேராசிரியர் மணிமாறன் கோவிந்தராசு. இருவரும் ஒருவரே, முன்னால் நின்ற ‘ஜி’ விரிந்து பின்னால் போய்க் குடும்பப் பெயராகிவிட்டது. மேற்கோள் பட்டியலில் ஒரே ஆள் ஓரிடத்தில் ‘ம’விலும் இன்னோரிடத்தில் ‘கோ’விலும் உட்கார்ந்திருப்பார். போதாததற்கு ஜி. மணிமன்னன் என்றொருவரும் உண்டு. அவர் புள்ளியியலாளர், எம். பகவன்தாஸுடன் சேர்ந்து, ‘இந்தியா’ பத்திரிகையில் பெயரில்லாமல் வந்த கட்டுரைகளில் பாரதி எழுதியவை எவை என்று நடையை அளந்து பார்த்தவர். அந்த ஆய்வு 2008இல் வந்தது. எழுத்தாளர் அடையாளத்தை ஆராய்பவரையே முதலெழுத்து வைத்து அடையாளம் காண வேண்டியிருப்பது நம் தலைவிதி.

ஆனால் யார் எழுதியது என்பதைவிட யார் பொறுப்பு என்பதுதான் கடினமான கேள்வி. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு 2013இல் தன் விதிகளில் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தது: பெயர் போட்டவர் கட்டுரை முழுவதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். அடுத்து, ஒவ்வொருவர் பங்கையும் 14 வகையாகப் பிரித்துக் குறிக்கும் முறை வந்தது. 2022இல் அமெரிக்கத் தர நிர்ணயமாகவும் ஆனது. எங்களுக்கு இது அவ்வளவு புதிதில்லை. பக்கத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளுக்குரியவை. முடிவெடுத்தது சபை. அரசாணையோடு உடனிருந்த அதிகாரி தனியாகக் குறிக்கப்படுகிறார். எழுதியவன் காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன் என்ற மத்யஸ்தன். பெருமக்கள் பணிக்க எழுதினேன் என்று தன் பெயரைத் தானே வெட்டுவித்திருக்கிறான். அரசன் பெயர் ஆட்சியாண்டைச் சொல்ல மேலே வருகிறது, அவ்வளவே. அவனை யாரும் முதல் ஆசிரியராக்கவில்லை.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கல்லூரியில் ஆக்கினார்கள். மாணவி ஒருத்தி ஒன்றரை ஆண்டு உழைத்த கட்டுரை. துறைத்தலைவர் பெயர் முதலில், அவள் பெயர் மூன்றாவது, ஒரு வரிகூட எழுதாத என் பெயர் நான்காவது. பதவி உயர்வுக்கு ஆகும் என்றார்கள். ஆயிற்று. போன ஆடியில் யாரோ ஒரு ஆய்வு மாணவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார்: இரண்டாம் தேற்றத்தில் வேலைகளின் கெடு அவற்றின் இடைவெளிக்குச் சமம் என்று கொண்டீர்களா, குறைவு என்று கொண்டீர்களா? நியாயமான கேள்வி. அதன்மேல்தான் நிரூபணமே நிற்கிறது. கட்டுரையை இறக்கி மூன்று தடவை படித்தேன். எனக்குத் தெரியவில்லை. அந்த மாணவி இப்போது எங்கே இருக்கிறாள் என்பதும் தெரியவில்லை. தை பிறந்துவிட்டது, மின்னஞ்சல் அனுப்பியவருக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.