செவிப்பிறழ்வும் மொழிபெயர்ப்பும்: ‘பென்னி லாவா’ காணொலி குறித்து ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மொழிபெயர்ப்பு என்பது பொருளை ஒரு மொழியினின்று பிறிதொரு மொழிக்குக் கொண்டுசெல்லும் செயல் என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. புதுதில்லி ஆர்.கே.புரத்தை இக்கருத்தின் உறைவிடம் எனலாம். 1960இல் தோன்றிய மத்திய இந்தி இயக்ககமும், 1961இல் தோன்றிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையமும் நெடுங்காலம் அங்கிருந்தே பணியாற்றி வந்துள்ளன. இருமொழி அகராதிகளும் கலைச்சொல் தொகுதிகளும் அப்பணியின் விளைவுகள். தில்லித் தமிழ்ச் சங்கம் அமைந்திருப்பதும் அப்பகுதியிலேயே. ஒரு சொல்லை ஆய்ந்து, குழுவில் விவாதித்து, இணைச்சொல் காணும் இம்முறையில் ஒலிக்குரிய இடம் மிகக் குறைவு. ஆனால் இணையவழியே ஒரு மொழி பிறமொழியாளரைச் சென்றடையும்போது பெரும்பாலும் ஒலியே முந்துகிறது, பொருள் பிந்துகிறது, சில வேளைகளில் வந்து சேர்வதேயில்லை. அவ்வாறு தமிழொலி உலகெங்கும் பரவக் காரணமாயிருந்த ஒரு வேடிக்கைக் காணொலியை மொழியியல், மொழிபெயர்ப்பு ஆகிய இரு நோக்கிலும் மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. காணொலியும் அதன் மரபும்

எழில் இயக்கத்தில் 2000இல் வெளிவந்த ‘பெண்ணின் மனதைத் தொட்டு’ என்னும் திரைப்படத்தில், எஸ்.ஏ.ராஜ்குமார் இசையமைத்த ‘கல்லூரி வானில்’ என்னும் பாடல் உள்ளது. பிரபுதேவாவும் ஜெயா சீலும் அதில் ஆடுகின்றனர். 2007இல் அமெரிக்கர் ஒருவர், ‘பஃபலாக்ஸ்’ என்னும் புனைபெயரில் இப்பாடற்காட்சியை யூடியூப் தளத்தில் வெளியிட்டார். ஒலியையும் காட்சியையும் அவர் மாற்றவில்லை. அடியில் ஆங்கில வரிகளை மட்டும் சேர்த்தார். அவ்வரிகள் பாடலின் மொழிபெயர்ப்பு அல்ல. தமிழறியாத செவிக்குத் தமிழொலிகள் எந்த ஆங்கிலச் சொற்களாகத் தோன்றுமோ அச்சொற்களையே அவர் எழுதினார். அவற்றுள் வரும் ‘பென்னி லாவா’ என்னும் கற்பனைப் பெயரே காணொலிக்கும் பெயராயிற்று. பல இலட்சம் முறை பார்க்கப்பட்ட இதனைத் தொடர்ந்து, இவ்வகைத் துணுக்குகளைக் குறிக்க அவருடைய புனைபெயரே வினைச்சொல்லாகவும் வழங்கலாயிற்று.

இம்முயற்சி முற்றிலும் புதியதன்று. பாடலைத் தவறாகக் கேட்டுப் புதுப்பொருள் கொள்வதற்கு ‘மாண்டகிரீன்’ என்னும் பெயரைச் சில்வியா ரைட் 1954இல் வழங்கினார். சப்பானியர் இதனைச் ‘சொராமிமி’ என்பர். அந்நாட்டுத் தொலைக்காட்சியில் 1992 முதல் இதற்கெனவே ஒரு பகுதி இடம்பெற்று வந்தது. இலத்தீன் கவிஞர் கட்டுல்லசின் பாடல்களை ஒலியொப்புமையைப் பின்பற்றி ஆங்கிலத்தில் ஆக்கிய லூயி, சீலியா சுகோஃப்ஸ்கி இணையரின் நூல் 1969இல் வெளிவந்தது. எனவே இக்காணொலியை வெறும் விளையாட்டென ஒதுக்காது, ஒலிபெயர்ப்பு மரபில் வைத்து நோக்குதல் தகும்.

3. ஒலி நிலை

பாடலின் முதலடியையும் அதற்குரிய ஆங்கில வரியையும் ஒப்பிட்டால் சில உண்மைகள் புலனாகின்றன. மொழியியலார் கொள்ளும் பொருளில், இரண்டிலும் அசைகள் பத்தே. ‘கல்லூரி’யில் உள்ள ‘லூ’, ‘நிலாவோ’வில் உள்ள ‘லா’ ஆகிய நெட்டசைகள் ஆங்கில வரியிலும் அவ்வவ்விடத்தே நிற்கின்றன. மாற்றம் மெய்களிலேயே மிகுதி. ‘கல்லூரி’யின் வருடொலியாகிய ரகரம், அதே பிறப்பிடத்தை ஒட்டிய னகரமாகி, பித்துற்ற எனப் பொருள்படும் ‘லூனி’ என்னும் ஆங்கிலச் சொல் பிறந்தது. ‘வானில்’ என்பதன் முதல் வகரம் இதழொலியாகிய பகரமாகிப் ‘பன்’ ஆயிற்று. ‘நிலாவோ’வின் இடைநிலை வகரமோ மாறாது நின்றது.

இவற்றினும் கருதத்தக்கது சொல்லெல்லை மாறிய முறையாகும். ‘நிலாவோ’வுக்கு முன்னுள்ள பெயரெச்சத்தின் ஈற்றசையும் ‘நிலாவோ’வின் முதலசையும் இணைந்து ‘பென்னி’ ஆயின. எஞ்சியது ‘லாவா’ ஆயிற்று. அறியாத மொழியைக் கேட்கும் செவி, ஒலித்தொடரைத் தன் மொழிச் சொற்களின் அளவுக்கேற்ப வெட்டிக்கொள்கிறது என்பதற்கு இஃது ஏற்ற சான்று. ஒலிகளைக் கேட்பதில் இவ்வாசிரியர் காட்டிய நுட்பம் பாராட்டுக்குரியதே.

4. பொருள் நிலை

இனி, இழந்தது யாது என நோக்க வேண்டும். ‘நிலாவோ’ என்பதன் ஈற்று ஓகாரம் ஐயப்பொருளில் வந்தது. தலைவியை முதற்கண் கண்டவன் இவள் மானுட மகளோ பிறிதொன்றோ என ஐயுறுதல் தொல்காப்பியக் களவியல் கூறும் நிலை. திருக்குறளில் காமத்துப்பாலின் முதற்குறளும் இவ்வையத்தையே பாடுகிறது. ஒரு திரைப்பாடலின் எளிய அடியில் அம்மரபு ஓரெழுத்து இடைச்சொல்லாக வாழ்கிறது. ஆங்கில வரியில் அவ்வோகாரம் ஓர் ஆண்பெயரின் ஈறாகிவிட்டது.

பொருளை நாடும் மொழிபெயர்ப்பாளருக்கும் இவ்வடியில் இடர் உண்டு. நிலாக் காய்தல் என்பது ஒளிவீசுதல். அகராதியில் ‘காய்தல்’ என்பதன் முதற்பொருளை மட்டும் கொள்பவர் உலர்ந்த நிலா என எழுதிவிடக்கூடும். செவிப்பிறழ்வு தன்னை வேடிக்கையென அறிவித்துக்கொள்கிறது. அகராதிப் பிறழ்வோ மொழிபெயர்ப்பெனவே நம்பப்படும்.

சொல்லைப் பிரித்துப் பொருள் மாற்றும் விளையாட்டு தமிழுக்கு அயலானதன்று. தண்டியலங்காரம் இதனைப் பிரிமொழிச் சிலேடை என்கிறது. பாம்புக்கும் எள்ளுக்கும் ஒருங்கே பாடிய காளமேகப் புலவர் சிலேடையில் வல்லவர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சிலேடையில் இரு பொருளும் உடன் நிற்கின்றன. ஒன்றையறிந்தே மற்றொன்றைச் சுவைக்கிறோம். இக்காணொலியில் ஒன்றை அழித்தே மற்றொன்று நிற்கிறது. தமிழறிந்தார்க்கு இது சிலேடைக்கு நிகரான இன்பம் தரலாம். ஏனையோர்க்குத் தமிழ் பொருளற்ற ஓசையாகவே எஞ்சுகிறது. இதுவே இக்காணொலியின் குறை.

5. மறுதலையான சான்று

2011 நவம்பர் 16இல் யூடியூபில் வெளியான ‘ஒய் திஸ் கொலவெறி டி’ இதற்கு மறுதலையாக அமைகிறது. அனிருத் இசையமைக்க, தனுஷ் எழுதிப் பாடிய இப்பாடல், 2012இல் வந்த ‘3’ என்னும் படத்திற்குரியது. ஈண்டுத் தமிழ்ச் செவியே ஆங்கிலத்தை வளைக்கிறது: மெய்யீற்று ஆங்கிலச் சொற்கள் உகரம் பெற்றுத் தமிழியல்பு எய்துகின்றன. ‘கொலவெறி’ என்னும் தமிழ்ச்சொல் மொழிபெயர்க்கப்படாமலேயே தில்லி இளைஞர் நாவிலும் வழங்கியது. ‘டி’ என்னும் விளிக்கு இந்தியின் ‘ரீ’ ஓரளவு ஈடாகும். ஆங்கிலத்தில் நேர் ஈடில்லை. இங்குப் பொருள் முழுதும் விளங்காவிடினும், பொருளுண்டு என்னும் எண்ணம் கேட்போரிடம் நிலைத்தது. அதனாலேயே பலர் அச்சொல்லின் பொருளை வினவினர்.

6. முடிவுரை

‘பென்னி லாவா’ கேட்டல் நிலையில் நுட்பமானது. மொழியை மதிக்கும் நிலையில் வறியது. அதன்மேல் சினங்கொள்வதால் பயனில்லை. நகைப்புக்குத் தடையும் வேண்டுவதில்லை. வேண்டுவது, ஒலி சென்ற இடத்துக்குப் பொருளும் செல்லுதலாகும். பரவும் தமிழ்க் காணொலிகளுக்கு இந்தியிலும் ஆங்கிலத்திலும் செம்மையான அடியெழுத்துகளை மொழிபெயர்ப்பாளர் விரைந்து அமைத்தல் வேண்டும். அவற்றில் ஐயவோகாரம் போன்ற இடைச்சொற்களின் பொருளும் விடுபடலாகாது. கலைச்சொல் ஆக்கத்துக்கு ஆண்டுகள் அளித்த நாம், இப்பணிக்குச் சில நாள்களே பெறுவோம். அச்சில நாள்களுள் பொருள் சென்றடையாவிடின், அவ்விடத்தைப் பென்னி லாவாவே நிரப்புவான்.