பரண்டுயின் மருவிய கதை

கற்பனை ஊருக்குப் பெயர் வைப்பது சுலபம். வாயில் வருகிற இரண்டு அசைகளை ஒட்டவைத்தால் ஆயிற்று. அந்தப் பெயரைப் பல தலைமுறை நாக்குகளில் புழங்கித் தேய்ந்ததுபோல் காட்டுவதுதான் பாடு.

ஜே.ஆர்.ஆர். டோல்கீன் அந்தப் பாட்டை ஆசையாகப் பட்டவர். ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர்; முதலில் மொழிகளைச் செய்துவிட்டு, அவற்றைப் பேச ஆள் வேண்டுமே என்று கதைக்குப் போனவர். சிறுவயதில் நிலக்கரி வண்டிகளில் எழுதியிருந்த வெல்ஷ் பெயர்களில் மயங்கியவர். அவருடைய கதைகளில் எல்ஃப்கள் பேசும் சிண்டாரின் மொழியில் ஒலிப்பது அந்த வெல்ஷ்தான்.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954–55) வரைபடத்தில் பாதிக்கு மேல் சிண்டாரின்தான் கேட்கிறது. ‘டோர்’ என்றால் நாடு, ‘கோண்ட்’ கல். கோண்டோர், கல்நாடு. ‘மோர்’ என்றால் கறுப்பு (நம் மோருக்கு நேர் எதிர்). மோர்டோர், கரிய நாடு. இதுவரை வெறும் புணர்ச்சி இலக்கணம்.

பெயரிலேயே வரலாறு நடக்கும் இடம் வேறு. கோண்டோரில் மினாஸ் அனோர் சூரியக் கோபுரம், மினாஸ் இத்தில் நிலாக் கோபுரம். இரண்டுக்கும் நடுவே நட்சத்திரக் கோட்டையான ஆஸ்கிலியாத். நிலாக் கோபுரத்தை எதிரி பிடிக்கிறான். அது மினாஸ் மோர்குல், சூனியக் கோபுரம் ஆகிறது. சூரியக் கோபுரமும் தன் பெயரை இழந்து மினாஸ் திரித், காவல் கோபுரம் ஆகிவிடுகிறது. போன நிலாவுக்காக எதிரே இருந்த சூரியனையும் எடுத்துவிட்டார்கள். ஒரு தோல்வியை இதைவிடச் சிக்கனமாகச் சொல்ல முடியுமா?

மோரியா என்ற சுரங்க நகரத்தின் கதை தலைகீழ். ஒரு நார்வே நாட்டார் கதைத் தலைப்பின் எதிரொலியாக வந்த ஓசை அது. பொருள் பார்த்து எடுத்ததல்ல. பிறகுதான் ‘கரும்பள்ளம்’ என்று சிண்டாரினில் பிரித்துப் பொருள் கொடுத்தார். அங்கே வாழ்ந்த குள்ளர்களுக்கு அது கஸாத்-தூம்தான். மோரியா அயலார் வைத்த பெயர்.

இருந்தாலும் ரசிகர் கைவிட முடியாத பெயர் பரண்டுயின். ‘பரன்’ பொன் கலந்த பழுப்பு, ‘டுயின்’ பெரிய ஆறு. குட்டை உருவக் குடியானவர்களான ஹாபிட்களின் வாயில் அது ‘பிராண்டா-நீன்’ ஆனது, எல்லை நீர். ஆற்றின் நிறத்தைக் கேலிசெய்து அதையும் ‘பிரால்டா-ஹீம்’ என்று திரித்தார்கள், போதையேற்றும் பீர். ஆங்கிலத்தில் அந்தக் குறும்பு தொலையாமல் ‘பிராண்டிவைன்’ என்று எழுதினார் டோல்கீன். எல்ஃப்களின் பொன்னாறு, குடியானவர்களிடம் வந்து சாராய ஆறானது. ஊர்ப்பெயர்கள் உண்மையில் மருவுவதும் இப்படித்தான்: கேட்டவருக்கு எது புரிந்ததோ அதை நோக்கி.

எல்லாவற்றையும் விளக்க அவர் முனையவில்லை என்பதுதான் கைத்தேர்ச்சி. உம்பர், எரெக், அர்னாக் ஆகியவை எம்மொழிப் பெயர்கள் என்பது கோண்டோர்வாசிகளுக்கே மறந்துபோயிற்று என்று பிற்சேர்க்கையில் எழுதிவைத்தார். கோண்டோர்வாசிகளின் மூதாதையர் கப்பலில் வந்து குடியேறுவதற்கு முன்பே அந்தக் கரையில் யாரோ வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் பேசிய மொழிக்கு அகராதி கிடையாது; மிச்சம் நிற்பவை ஒரு துறைமுகம், ஒரு குன்று, சில மலைகளின் பெயர்கள்.