இருட்டைச் செதுக்குகிறவர்கள்

பேய்ப்படம் பார்த்துவிட்டு வந்தால் எல்லோரும் பேயைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்கு அந்தப் படங்களில் வரும் வீடுகள்மீதுதான் கண். இயக்குநர் ராகுல் சதாசிவனின் இரண்டு மலையாளப் படங்களைச் சமீபத்தில் அடுத்தடுத்துப் பார்த்தேன். 2022இல் வந்த ‘பூதகாலம்’ படத்தில் ஓர் அம்மா, ஒரு மகன், நம் தெருவிலும் இருக்கக்கூடிய ஒரு வீடு, அவ்வளவுதான். ரேவதியும் ஷேன் நிகமும் ஒருவரையொருவர் தவிர்த்து நடமாடும் அந்த அறைகளில் பேய் வருவதற்கு முன்பே மூச்சு முட்டுகிறது. திடீர்ச் சத்தம் போட்டுத் தூக்கிவாரிப் போட வைப்பது சுலபம். காத்திருக்க வைப்பதுதான் வித்தை.

‘பிரமயுகம்’ (2024) முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஷெஹ்நாத் ஜலாலின் ஒளிப்பதிவில் பாழடைந்த மனையின் சுவரும் மரத்தூணும் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும் போலிருக்கின்றன. வண்ணம் இல்லாததால் விளக்குச் சுடருக்கு அப்பால் இருப்பதெல்லாம் ஒரே கறுப்பு. அங்கே என்ன நிற்கிறது என்று நாமேதான் கற்பனை செய்துகொள்ள வேண்டும். மழை விடுவதே இல்லை. அதன் நடுவே பகடை உருளும் ஓசை, கொடுமண் போற்றியாக வரும் மம்மூட்டி இறைச்சியைக் கடித்துச் சவைக்கும் ஓசை. அவர் அதிகம் கத்துவதில்லை. தொண்டைக்குள்ளேயே ஒரு சிரிப்பை உருட்டுகிறார், முதுகுத்தண்டு சில்லிடுகிறது. எத்தனை பொறுமையான நடிப்பு! இந்தப் படங்களைப் பகல் வெளிச்சத்தில், கைபேசித் திரையில் பார்த்துவிடாதீர்கள். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, நல்ல ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள்.