ஓனோவின் நூலும் போர்டின் முறையும்

ஜப்பானியர் அமெரிக்கரைப் பார்த்து எழுதியவர் என்பார், தாயிச்சி ஓனோ 1978இல் வெளியிட்ட 'டொயோட்டா உற்பத்தி முறை' என்னும் நூலைப் படித்தல் நன்று. ஒரே வகைக் காரைப் பேரளவில் செய்து குவித்தது போர்டின் வழி. போருக்குப் பின் ஜப்பானியச் சந்தையோ சிறிது. வேண்டிய வகைகளோ பல. ஆகவே ஓனோ போர்டின் ஓடும் வரிசையை ஏற்றார், குவியலை மறுத்தார். தகடு அழுத்தும் எந்திரத்தில் அச்சு மாற்ற 1940களில் 2, 3 மணி நேரம் ஆயிற்று. 1960களின் இறுதியில் 3 நிமிடம்! நூலின் உயிர்நிலை இப்பகுதியே. எடுத்த அளவே மீண்டும் நிரப்பும் அமெரிக்கப் பேரங்காடியிலிருந்து 'கான்பான்' சீட்டு பிறந்ததையும் அவர் மறைக்கவில்லை.

ஆயினும் ஒரு குறை. ஒருவரே பல எந்திரங்களைக் கவனிக்க வேண்டும் என்றபோது தொழிலாளர் எதிர்த்தனர். அதனை ஆசிரியர் விரித்துரைக்கவில்லை. 1950இல் வேலைநிறுத்தமும் ஆட்குறைப்பும் கண்ட தொழிற்சாலை அது. அங்கே எஞ்சி நின்றவர் குரல் இந்நூலில் கேட்கவில்லை.