கிருமிநீக்கத்துக்கு முன் உலர்த்தல்: சாட்சி இல்லாத ஒரு படி

அறுவை அரங்கிலிருந்து வெளியே வரும் கருவி, அடுத்த நோயாளியின் உடலைத் தொடுவதற்கு முன் பல கைகளைக் கடக்கிறது. அதைக் கழுவி, அலசி, உலர்த்தி, ஒவ்வொன்றாகச் சோதித்து, பொதிந்து, கடைசியில் கிருமிநீக்கம் செய்கிறார்கள். கழுவுவதற்குத் தனி மருந்துகளும் கிருமிநீக்கத்துக்குப் பெரிய இயந்திரங்களும் உண்டு. நடுவில் இருக்கும் உலர்த்தலைப் பல மருத்துவமனைகள் ஒரு வேலையாகவே எண்ணுவதில்லை. அடுத்த வேலைக்கு முன் காத்திருக்கும் நேரமாகவே அது கழிகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கையேடு அதைத் தனிப் படியாகவே வைத்திருக்கிறது. அந்த இடம் நியாயமானதா, நடைமுறையில் அது எப்படிச் செய்யப்படுகிறது என்ற இரண்டு கேள்விகளையும் பிரித்தே பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்க வேண்டும். பயன்படுத்திய கருவி கழுவப்படும் வரை உலரவே கூடாது. இரத்தமும் திசுவும் காய்ந்துவிட்டால் அவற்றிலுள்ள புரதம் எஃகோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு எந்தத் தூரிகைக்கும் எளிதில் அசையாது. அதனால்தான் அரங்கிலிருந்து மத்திய கிருமிநீக்கப் பிரிவுக்குக் கொண்டுபோகும்போது ஈரத்துணியால் மூடுவதும் நுரை தெளிப்பதும் வழக்கம். கழுவி முடித்த பிறகு நிலைமை நேர்மாறாகிறது. கழுவும் முன் காத்த ஈரமே கழுவிய பின் ஆபத்து. இந்த இரண்டு கட்டங்களையும் பிரித்துச் சொல்லித்தராத பயிற்சியில், முதல் கட்டத்தின் பழக்கம் இரண்டாவதற்கும் ஒட்டிக்கொள்கிறது.

கழுவிய கருவியில் நிற்கும் நீர் சுத்தமாகவே தோன்றும். ஆனால் குழாய் நீரிலும் கழுவு தொட்டியிலும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் கிராம்-நெகட்டிவ் பாக்டீரியா வாழ முடியும். ஈரமான டிரே இரவு முழுவதும் மேசையில் கிடந்தால் அவை பெருகும். மறுநாள் ஆட்டோகிளேவ் அவற்றைக் கொன்றுவிடும் என்பது உண்மைதான். கொல்லப்பட்ட பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் எண்டோடாக்ஸின் என்ற நச்சு மட்டும் அங்கேயே தங்கிவிடும். அதை அழிக்க 250 டிகிரி செல்சியஸ் உலர்வெப்பத்தில் 30 நிமிடம் போன்ற கடுமையான சூடு வேண்டும். 121 அல்லது 134 டிகிரி நீராவி அதற்குப் போதாது. உயிருள்ள கிருமி ஒன்றுகூட இல்லாத கருவியும் நோயாளிக்குத் தீங்கு செய்ய முடியும் என்பதே இதன் பொருள்.

இந்தத் தீங்கு மிகத் தெளிவாகத் தெரியும் இடம் கண். கண்புரை அறுவை முடிந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் கண்ணின் முன்னறையில் கடும் அழற்சி தோன்றுவது உண்டு. தொற்று இல்லாமலே வரும் இந்த நிலையை ‘டாஸ்’ என்று கண் மருத்துவர்கள் சுருக்கிச் சொல்வார்கள். கருவிகளில் தங்கிய எண்டோடாக்ஸினும், சரியாக அலசப்படாத சோப்பு எச்சமும் அதன் அறியப்பட்ட காரணங்களில் முக்கியமானவை. பழியைச் சுமப்பவை பெரும்பாலும் மெல்லிய கானுலாக்களும், கண்புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேக்கோ கைப்பிடியின் உட்குழல்களும்தான். உள்ளே ஒரு துளி நீர் நின்றாலும் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. இறுதி அலசலுக்குத் தூய நீர், அதன்பின் குழல் வழியே அழுத்தக் காற்று என்று கண் மருத்துவ வழிகாட்டிகள் வற்புறுத்துவது இதனால்தான். 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மதுரை அரவிந்த் மருத்துவமனை முதல் இன்றைய முகாம் அறுவைகள் வரை, கண்புரைச் சிகிச்சையை மிகப் பெரிய அளவில் நடத்தும் மாநிலம் தமிழ்நாடு. ஒரே வகைக் கருவி ஒரே நாளில் பலமுறை சுழலும் இடத்தில், அந்தக் குழலின் உட்பக்கம் உலர்ந்ததா என்பது சில்லறை விஷயம் அல்ல.

உலர்ந்த கருவியால் வேறு பயன்களும் உண்டு. நீர்ப்படலம் பளபளப்பால் கறையை மறைக்கும். உலர்ந்த பரப்பில்தான் பூட்டு மூட்டில் ஒட்டிய இரத்தமும் கத்தரி முனையின் நுண்விரிசலும் கண்ணுக்குப் படும். எஃகின் ஆயுளும் இதில் அடங்கியிருக்கிறது. துருப்பிடிக்காத எஃகு எனப்படுவது, குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் தன் மேற்பரப்பில் உண்டாக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தால் காக்கப்படும் எஃகு. நீரில் கரைந்த குளோரைடு அந்தப் படலத்தைத் துளைக்கும். நீர் மெல்ல ஆவியாகும்போது குளோரைடின் செறிவு கூடிக்கொண்டே போகும். கடினமாக்கிய எஃகில் செய்த கத்தரிகளும் இடுக்கிகளும் இதற்கு முதலில் பலியாகின்றன.

நீராவி முறையில் ஈரம் செய்யும் வேலையைச் சிறு கணக்கு ஒன்று விளக்கும். ஏழு கிலோ எஃகுக் கருவிகளை 30 டிகிரியிலிருந்து 134 டிகிரிக்கு உயர்த்த ஏறக்குறைய 364 கிலோஜூல் வெப்பம் தேவை. அந்த வெப்பத்தைத் தருவது, கருவியின்மேல் ஒடுங்கி நீராகும் நீராவி. இப்படிச் சுமார் 170 மில்லிலிட்டர் நீர் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி வடிந்துவிடும். மீதி, சுழற்சியின் முடிவில் வெற்றிடம் உண்டாகும்போது சூடான எஃகின் வெப்பத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஆவியாகிறது. எஃகில் சேர்ந்திருக்கும் வெப்பம், தானே உண்டாக்கிய நீரை ஆவியாக்கக் கிட்டத்தட்டப் போதுமானது. கழுவிய கையோடு டிரேயில் 50 மில்லிலிட்டர் நீர் கூடுதலாக உள்ளே போனால் அதற்கும் அதே எஃகிலிருந்துதான் வெப்பம் வர வேண்டும். கணக்கு அங்கே இடிக்கிறது. கிட்னி டிரேயின் அடியில் தேங்கிய நீர் கனமான கருவிகளைத் தொடாமல் ஒதுங்கி நிற்பதால் அது கடைசிவரை போகாது. கதவைத் திறந்தால் பொதி ஈரமாக இருக்கும். ஈரமான உறை கிருமிகளைத் தடுக்காது. மேசையில் இருப்பதை உள்ளே உறிஞ்சிவிடும். அத்தகைய பொதியைக் கிருமிநீக்கம் ஆகாததாகவே கருதித் திருப்பி அனுப்ப வேண்டும். பல இடங்களில் பழி ஆட்டோகிளேவின்மேல் விழுகிறது. பழுதுபார்ப்பவர் வந்து வால்வைக் கழற்றிப் பார்க்கிறார். காரணமோ பொதியும் மேசையில் இருந்திருக்கும்.

வெப்பம் தாங்காத கருவிகளுக்கான முறைகளில் ஈரத்தின் விலை இன்னும் அதிகம். எத்திலீன் ஆக்சைடு வாயு நீரோடு சேர்ந்தால் எத்திலீன் கிளைக்கால் ஆகும். கிருமியைக் கொல்ல வேண்டிய வாயு குறைவதோடு, ஒரு எச்சமும் கருவியில் தங்குகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு பிளாஸ்மா முறை இன்னும் கண்டிப்பானது. 1993-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஸ்டெராட் போன்ற இயந்திரங்கள் முதலில் அறையைக் கிட்டத்தட்ட முழு வெற்றிடமாக்கும். உள்ளே நீர் இருந்தால் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது, ஆவியாகும் குளிர்ச்சியில் எஞ்சிய நீர் பனிக்கட்டியாகிக் குழலை அடைத்துவிடவும் கூடும். இயந்திரம் சுழற்சியை ரத்து செய்துவிடும். மொத்த வரிசையிலும் ஈரத்தைக் கண்டு வாய்விட்டு மறுக்கும் இடம் ஏறக்குறைய இது ஒன்றுதான். மிகச் சிறிய துளி அதன் கண்ணுக்கும் தப்பலாம். ஆயினும் பெராக்சைடு இயந்திரத்துக்குப் போகும் லேப்ராஸ்கோப்பிக் கருவியைக் காற்றடித்து உலர்த்தும் அதே ஊழியர், ஆட்டோகிளேவுக்குப் போகும் எலும்பு அறுவை செட்டை அப்படியே சுற்றிவிடுவதற்குக் காரணம் அலட்சியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. ஒரு இயந்திரம் திருப்பித் தருகிறது, மற்றொன்று வாங்கிக்கொள்கிறது.

இத்தனை வலுவான காரணங்கள் இருந்தும், ‘எதுவாயினும் உலர்த்து’ என்ற பொது விதி எல்லா இடத்திலும் சரியல்ல. வெற்றிடம் இல்லாத, காற்றைக் கீழ்நோக்கித் தள்ளும் பழைய வகை ஆட்டோகிளேவில் நீண்ட மெல்லிய குழல்களை வைக்கும்போது, அவற்றின் உள்ளே சில துளி காய்ச்சி வடித்த நீரை விடுவது நெடுநாள் வழக்கம். சூட்டில் அந்த நீர் ஆவியாகி, உள்ளே அடைபட்ட காற்றை வெளியே தள்ளும். முற்றிலும் உலர்ந்த குழலில் காற்று அங்கேயே நின்று நீராவியைத் தடுத்துவிடலாம். எத்திலீன் ஆக்சைடுக்கும் ஓரளவு ஈரப்பதம் தேவை. சுழற்சியில் காற்றின் ஈரப்பதம் 40 முதல் 80 சதவீதம் வரை வைக்கப்படுவது அதற்காகத்தான். வறண்டு சுருங்கிய பாக்டீரியா வித்துகளை அந்த வாயு எளிதில் கொல்லாது. கண்ணுக்குத் தெரியும் நீர் இருக்கக் கூடாது, ஆனால் கருவி வறுத்ததுபோல் காய்ந்திருக்கவும் கூடாது. பருத்தித் துணியிலும் இதே சிக்கல். இன்னும் பல அரசு மருத்துவமனைகளில் செட்டுகள் துணியில்தான் சுற்றப்படுகின்றன. கடும் வெயிலில் மொறமொறவெனக் காய்ந்த துணியைச் சூட்டோடு ஆட்டோகிளேவில் வைத்தால், அது நீராவியிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்போது வெப்பம் வெளிப்பட்டு, துணிக்குள் நீராவி அளவுக்கு மீறிச் சூடாகும். அப்படிச் சூடேறிய நீராவி கிருமியைக் கொல்வதில் உலர்வெப்பம்போல் மந்தமாகிவிடும். துணி அறைக் காற்றில் ஆறி, இயல்பான ஈரப்பதத்துக்குத் திரும்பிய பிறகே செட்டைச் சுற்ற வேண்டும்.

உலர்த்தும் முறைகளுள் நம் நாட்டில் மிகப் பரவலானது துணியால் துடைப்பது. மலிவானது, வேகமானது, மின்சாரம் வேண்டாதது. குறைகளும் உண்டு. சாதாரணத் துணி நூல் உதிர்க்கும். அந்த நுண்நூல் காயத்துக்குள் போனால் உடல் அதைச் சுற்றிக் கட்டி எழுப்பும். ஒரே துணி காலை முதல் மாலை வரை சுற்றினால் அதுவே கிருமியைப் பரப்பும். கூர்முனைகள் ஊழியரின் விரலைக் குத்தும். குழலின் உட்பக்கம் துணிக்கு எட்டவே எட்டாது. அழுத்தக் காற்று அங்கே எட்டும்; ஆனால் காற்று எண்ணெய் இல்லாததாகவும் வடிகட்டியதாகவும் இருக்க வேண்டும். பட்டறைக் கம்ப்ரஸரைக் கொண்டு வந்து ஊதினால் எண்ணெய்ப் படலம் கருவியின் உள்ளே ஒட்டும். சூடான காற்று சுழலும் உலர்த்து அலமாரியும், கழுவும் இயந்திரத்தின் உலர்த்தல் கட்டமும் இவற்றுள் சிறந்தவை. நேரமும் மின்சாரமும் அதிகம் தேவைப்படுவதே அவற்றின் தடை. திறந்த மேசையில் பரப்பிக் காற்றில் காயவிடுவதை ஒரு முறையாகவே ஏற்க முடியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அறைக் காற்றே ஈரமாக இருக்கும்போது, பூட்டு மூட்டின் உள்ளே தேங்கிய நீர் மாலைவரை போகாது.

எந்த முறையைக் கையாண்டாலும் உலர்த்தல் ஒரு குறையை மட்டும் தானாகச் சரிசெய்யாது. நீர் போகும், நீரில் கரைந்திருந்த உப்பு போகாது. கடினநீரால் கடைசி அலசல் நடந்திருந்தால் சுண்ணாம்பும் சிலிக்காவும் கருவியின்மேல் படியும். இந்தப் படிகங்களுக்குள் வித்து சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்பதை 1967-இல் டாயில், எர்ன்ஸ்ட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். வெளியே இருந்த வித்துகள் நீராவியில் 10 நொடியில் இறந்தன. கால்சியம் கார்பனேட் படிகத்துக்குள் இருந்தவற்றுக்கு 150 நிமிடம் ஆனது. சரியாக அலசாமல் நன்றாக உலர்த்திய கருவி, ஈரமான கருவியைவிட மோசமாகவும் இருக்கக்கூடும். கடைசி அலசலுக்கு ஆர்.ஓ. அல்லது தாது நீக்கிய நீர் இல்லாத இடத்தில் விலையுயர்ந்த உலர்த்து அலமாரி வாங்குவது வரிசையைத் தலைகீழாக்குவதாகும்.

இந்தப் படியின் பெருங்குறை வேறொன்று. கிருமிநீக்கத்தை நிரூபிக்கப் பல சாட்சிகள் உண்டு: நிறம் மாறும் நாடா, வித்துச் சோதனை, காற்று வெளியேற்றத்தைப் பரிசோதிக்க 1963 முதல் நடைமுறையில் இருக்கும் போவி-டிக் சோதனை, ஒவ்வொரு சுழற்சிக்கும் பதிவேடு. சுழற்சி முடிந்த பிறகு பொதியில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்குக்கூட ஐரோப்பியத் தரநிலை எண் வைத்திருக்கிறது. உலோகத்துக்கு எடையில் 0.2 சதவீதம், துணிக்கு 1 சதவீதம். உள்ளே போகும் முன் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்பதற்கு அன்றாட நடைமுறையில் உள்ள ஒரே அளவுகோல், கண்ணுக்கு உலர்ந்து தெரிவது. கண்ணோ குழலுக்குள் போகாது. எந்தப் பதிவேட்டிலும் உலர்த்தலுக்கென்று ஒரு கட்டம் இருப்பது அரிது. அடுத்த அறுவைக்கு அதே செட் வேண்டும் என்று அரங்கிலிருந்து தொலைபேசி வரும்போது முதலில் சுருங்குவது, பதிவு இல்லாத அந்த நேரம்தான்.

சாட்சியை உண்டாக்குவது கடினமல்ல. குழல் வழியே உலர்ந்த காற்றை ஊதி, மறுமுனையில் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்தால் ஈரம் இருந்தால் பனிக்கும். கோபால்ட் குளோரைடு தோய்த்த காகிதம் ஈரம் பட்டால் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாகும். மடிப்புக் கருவியைத் திறந்து மெல்லிய காகிதத்தின்மேல் வைத்து எடுத்தால் ஈரத்தடம் தெரியும். எதற்கும் பெரிய முதலீடு வேண்டாம். தினமும் சில கருவிகளை இப்படிச் சோதித்து முடிவைப் பதிவேட்டில் எழுதினாலே உலர்த்தல் காத்திருக்கும் நேரமாக இல்லாமல், சரிபார்க்கக்கூடிய வேலையாகிவிடும். குழல் உள்ள கருவிகளும் கண் கருவிகளும் முதலில் இந்தச் சோதனைக்கு வர வேண்டும். ஆபத்து அங்கேதான் அதிகம், கண்பார்வையால் சோதிப்பது மிகக் குறைவாகப் பயன்படுவதும் அங்கேதான். மருத்துவமனைகளைத் தணிக்கை செய்பவர்கள் ஆட்டோகிளேவ் பதிவேட்டைக் கேட்கும்போது உலர்த்தல் பதிவையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.