'அவன்' என்னும் தன்னிலை: கண்ணதாசனின் வனவாசமும் கீழச்சிவல்பட்டி வட்டாரச் சமூக உறவும்

ஆய்வுச்சுருக்கம்

ஒருவர் தம்மைப் பற்றிக் கொள்ளும் எண்ணம் பிறரோடு கொள்ளும் உறவில் உருவாகிறது என்பது சமூக உளவியலின் அடிப்படைக் கருத்துகளுள் ஒன்று. கீழச்சிவல்பட்டிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் பிறந்த கவிஞர் கண்ணதாசனின் தன்வரலாறான 'வனவாசம்' இக்கருத்தைச் சோதித்துப் பார்க்க ஏற்ற நூலாகும். அந்நூல் தன்மை இடத்தை விடுத்துப் படர்க்கையில், 'அவன்' என்ற சொல்லால் ஆசிரியர் தம் வாழ்வைக் கூறுகிறது. இவ்வெடுத்துரைப்பு முறை அடக்கத்தின் வெளிப்பாடு மட்டுமன்று. பிறர் பார்வையால் ஆன தன்னிலையை அதற்குரிய இலக்கண வடிவிலேயே காட்டும் முறை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. அம்முறை எதை மறைக்கிறது என்பதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: தன்னிலை, தன்வரலாறு, படர்க்கை, கண்ணதாசன், வனவாசம், செட்டிநாடு, பெயரிடல்.

முன்னுரை

வனவாசத்தை வாசித்தோர் பெரும்பாலும் இரு வகையாகவே அதனை மதிப்பிட்டுள்ளனர். ஒரு சாரார் அதனைத் திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கக் காலத்திற்கான அரசியல் சான்றாகக் கொண்டனர். மற்றொரு சாரார் ஒளிவுமறைவற்ற ஒப்புதல் வாக்குமூலமாகப் போற்றினர். முதல் வாசிப்பு நூலைச் செய்தித் தொகுப்பாகச் சுருக்குகிறது. இரண்டாவது வாசிப்பு ஆசிரியரின் நேர்மையை வியப்பதோடு நின்றுவிடுகிறது. 'நான்' என்று எழுத வேண்டிய நூல் ஏன் 'அவன்' என்று எழுதப்பட்டது என்னும் வினாவை இரண்டுமே விரிவாக எழுப்பவில்லை. உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்', நாமக்கல் கவிஞரின் 'என் கதை' ஆகிய நூல்களின் தலைப்பிலேயே தன்மை இடம் நிற்கிறது. இம்மரபின் நடுவே வனவாசம் விலகி நிற்பதற்குக் காரணம் தேடுவது தேவையாகிறது.

கோட்பாட்டுப் பின்னணி

அமெரிக்கச் சமூகவியலாளர் சார்லசு கூலி 1902இல் வெளியிட்ட நூலில் 'கண்ணாடித் தன்னிலை' என்னும் கருத்தை முன்வைத்தார். பிறர் கண்ணில் நாம் எவ்வாறு தோன்றுகிறோம் என்று கற்பனை செய்தல், அத்தோற்றத்தை அவர்கள் எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று கற்பனை செய்தல், அதனால் பெருமையோ நாணமோ அடைதல் என மூன்று படிகளை அவர் கூறினார். சியார்சு மீட் இதனை மேலும் வளர்த்தார். அவர் மறைவிற்குப்பின் 1934இல் வெளிவந்த நூல், தன்னிலைக்குள் செயற்படும் 'நான்' ஒன்றும், பிறர் மனப்பாங்குகளை ஏற்று அமைந்த 'என்னை' ஒன்றும் உண்டென விளக்குகிறது. இக்கணத்தில் செயற்படும் 'நான்', நினைவில் திரும்பிப் பார்க்கும்போது 'என்னை' ஆகிவிடுகிறது என்பது மீடின் நுட்பமான கருத்து.

தமிழ் இலக்கணம் பேசுவோனின் இடத்தைத் 'தன்மை' என்கிறது. அச்சொல்லுக்கே இயல்பு என்னும் பொருளும் உண்டு. கேட்போனின் இடம் 'முன்னிலை'; முன்னே நிற்பது. பேச்சில் பங்குபெறாதவற்றின் இடம் 'படர்க்கை'. தன் இயல்பைக் கூற வேண்டிய ஒருவன் படர்க்கைக்குச் செல்வது, தன்னைப் பிறர் பேசும் பொருளாக ஆக்கிக்கொள்வதாகும். மீட் கூறும் 'என்னை' என்பதற்கு வனவாசத்தின் 'அவன்' நெருங்கிய தமிழ் வடிவம் எனலாம்.

ஊர் தரும் பெயர்

கீழச்சிவல்பட்டி, சிறுகூடல்பட்டி உள்ளிட்ட நகரத்தார் ஊர்களில் ஒருவரது அடையாளம் அவர் பிறக்கும் முன்பே பெரிதும் முடிவாகிவிடுகிறது. ஒன்பது நகரக் கோயில்களுள் எதைச் சார்ந்தவர் என்பது முதல் அடையாளம். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் இரண்டாவது. திருமணமானபின் கோயிலில் 'புள்ளி'யாகக் கணக்கிடப்பெறுதல் மூன்றாவது. வணிகத்தில் முன்னெழுத்துகளால் ஆன 'விலாசம்' ஆளுக்கு முன்னே சென்று அவரது நாணயத்தைக் கூறும். பருமாவிலும் மலாயாவிலும் கொண்டு விற்கச் சென்றோரின் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையனாகச் சேரும் சிறுவன் அடுத்தாளும் மேலாளும் பார்க்கப் பார்க்கவே தன் தகுதியை அறிந்துகொண்டான். அவன் யார் என்பதை அவன் சொல்ல வேண்டியதில்லை, சுற்றியிருந்தோர் சொல்லினர்.

புகழும் அவ்வாறே வந்தது. கீழச்சிவல்பட்டிக்குரிய புலவர் முத்தப்பர் செயங்கொண்டார் சதகம் பாடியவர். அவர் பெயரோடு சேர்ந்து நிற்கும் 'பாடுவார்' என்னும் அடை, பிறர் அவரைக் கண்ட வகையை உணர்த்துகிறது. பாடும் தொழில் மற்றவர் வாயில் பெயராகிவிட்டது.

இத்தகைய சமூகத்தில் பிள்ளை கூட்டுதல், அதாவது ஆண் மகவில்லாத குடும்பம் மற்றொரு குடும்பத்து மகனைச் சுவீகாரம் செய்துகொள்ளுதல், முறையான வழக்கம். சாத்தப்பனார், விசாலாட்சி ஆச்சி ஆகியோரின் மகனாக 24-6-1927 அன்று பிறந்த முத்தையா, இளமையிலேயே 7,000 ரூபாய்க்குச் சுவீகாரம் கொடுக்கப்பெற்று நாராயணன் ஆனார். ஒரு குழந்தை தன்னைக் குறிக்கும் ஒலியாக முதலில் அறிவது தன் பெயரையே. அப்பெயர் பெரியவர்களின் உடன்பாட்டால் மாற்றத்தக்கது என்பதையும், அம்மாற்றத்திற்குத் தொகை உண்டு என்பதையும் இச்சிறுவன் தொடக்கத்திலேயே அறிய நேர்ந்தது. பிற்காலத்தில் தன்னையே வேறொருவனாகக் காணும் பார்வைக்கு இதுவே முதல் வித்து என்று கொள்ள இடமுண்டு.

தானே தேடிய பெயர்

அமராவதிபுதூர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்போடு கல்வி முடிந்தது. சென்னையில் ஆலைப் பணி, வேலையின்றி அலைதல் ஆகியவற்றுக்குப் பின் புதுக்கோட்டையிலிருந்து வெளிவந்த 'திருமகள்' இதழில் இடம் கிடைத்தது. அக்காலத்தில்தான் 'கண்ணதாசன்' பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர், கூட்டிக்கொண்டோர் இட்ட பெயர் ஆகிய இரண்டையும் விடுத்து மூன்றாவதொன்றை அவரே தேர்ந்தார்.

இதனைத் தனிமனிதனின் முழு விடுதலையாகக் கருதுவது பொருந்தாது. சுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனதும், அரங்கசாமி வாணிதாசன் ஆனதும் முன்னரே நிகழ்ந்துவிட்டன. 'தாசன்' என்னும் ஈறு கவிஞருக்குரிய அடையாளமாகிவிட்டிருந்தது. தானே தேர்ந்த பெயரும் ஒரு வாசகக் கூட்டம் கவிஞன் என்று கண்டுகொள்ளத்தக்க பெயராகவே இருந்தது. குடும்பம் என்னும் கண்ணாடியிலிருந்து இலக்கிய உலகம் என்னும் கண்ணாடிக்கு அவர் மாறினார், கண்ணாடியின்றி நிற்கவில்லை.

இங்கு மற்றொரு முரண் கருதத்தக்கது. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆகவும், இராமையா அன்பழகன் ஆகவும் மாறிய இயக்கத்தில், கண்ணனுக்கு அடியவன் என்று பொருள்தரும் பெயரோடு அவர் பகுத்தறிவு பேசினார். பின்னாளில் 'அர்த்தமுள்ள இந்துமதம்' எழுதியபோதும் அதே பெயரே நின்றது. பெயர் மாறவில்லை, அதனைக் கேட்டோர் மாறினர். கேட்போர் மாறியபோது பெயரின் பொருளும் மாறியது. காரைமுத்துப் புலவர், வணங்காமுடி, கமகப்ரியா, பார்வதிநாதன், ஆரோக்கியசாமி என அவர் மேற்கொண்ட புனைபெயர்களையும் இவ்வகையில் நோக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு வகைக் கேட்போரை முன்னிறுத்துகிறது. அவற்றுள் 'காரைமுத்து' என்பதில் காரைக்குடி வட்டாரமும் பிறவிப் பெயராகிய முத்தையாவின் முதற்பகுதியும் ஒருங்கே திரும்பி வருவது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று.

மேடை, மோதிரம், மதிப்பு

1953ஆம் ஆண்டு டால்மியாபுரம் எனும் பெயரைக் கல்லக்குடி என மாற்றக் கோரிய போராட்டம் ஓர் ஊரின் பெயருக்கானது. அதில் ஈடுபட்டுச் சிறை சென்றோருள் கண்ணதாசனும் ஒருவர். எனினும் 'கல்லக்குடி கொண்டான்' என்னும் பட்டம் மு.கருணாநிதிக்கே வழங்கலாயிற்று. ஒரே களத்தில் நின்ற இருவருள் ஒருவருக்கே கூட்டம் பெயர் சூட்டியது.

1959ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சித் தேர்தல் வெற்றிக்குப்பின் நிகழ்ந்த பாராட்டுக் கூட்டத்தைப் பற்றி வனவாசம் கூறும் பகுதி பலராலும் எடுத்தாளப்பட்டது. தேர்தலில் உழைத்ததற்காகக் கருணாநிதிக்கு அண்ணா மேடையில் மோதிரம் அணிவித்ததும், அதே அளவு உழைத்ததாகக் கருதிய 'அவன்' அடைந்த ஏமாற்றமும், அம்மோதிரம் வந்த வழி பற்றி அவன் அறிந்ததாகக் கூறுவதும் அப்பகுதியின் செய்திகள். அக்கூற்று ஒரு தரப்பினது. அதன் மெய்ம்மையைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அப்பகுதி தன்னிலையைப் பற்றி என்ன உணர்த்துகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது.

உழைத்தோம் என்னும் அறிவு அவனிடம் இருந்தது. எனினும் அவ்வறிவு போதவில்லை. அது தலைவரின் கையால், திரண்டிருந்தோர் கண்முன் உறுதிப்பட வேண்டியிருந்தது. கூலி கூறிய மூன்று படிகளும் இங்கு முறையாக அமைந்துள்ளன. கூட்டம் தன்னைக் காணவில்லை என்ற எண்ணம், தன்னைக் குறைவாக மதிப்பிட்டது என்ற எண்ணம், அதன்பின் மனப்புண். 1961இல் ஈ.வெ.கி.சம்பத்தோடு கட்சியை விட்டு வெளியேறியதற்குக் கொள்கைக் காரணங்களும் கூறப்பட்டன. ஆனால் நூலின் உணர்ச்சி அழுத்தம் ஏற்பு மறுக்கப்பட்ட இத்தகைய தருணங்களிலேயே குவிகிறது. கட்சியில் கழிந்த ஆண்டுகளைக் காட்டு வாழ்க்கையாகப் பெயரிட்டதும் இதனாலேயே பொருள் பெறுகிறது.

படர்க்கையின் பணி

கட்சியை விட்டு விலகியவர்க்கு இழப்பாவது பதவி மட்டுமன்று. தன்னை இன்னான் என்று கூறிவந்த கூட்டமும் இழப்பாகிறது. அந்நிலையில் பழைய தன்னிலையை 'நான்' என்று கூறினால் அதற்கு முழுப் பொறுப்பேற்க வேண்டும். முற்றும் மறுத்தால் வாழ்ந்த ஆண்டுகள் வீணாகும். இவ்விரண்டுக்கும் இடையில் 'அவன்' என்னும் சொல் ஒரு வழியைத் திறக்கிறது. கதை கூறுவோன் இன்றைய 'நான்'. கதையில் திரிவோன் பிறரால் ஆக்கப்பட்ட நேற்றைய மனிதன். கூறுவோன் அவனை எள்ளலாம், இரங்கலாம், கண்டிக்கலாம்.

வாசகரின் இடமும் இதனால் மாறுகிறது. 'நான்' என்னும் எடுத்துரைப்பில் வாசகர் முன்னிலையில் அமர்ந்து கேட்பவர். 'அவன்' என்னும் எடுத்துரைப்பில் அவர் கூறுவோனுக்குப் பக்கத்தில் அமர்ந்து மூன்றாமவனைப் பார்ப்பவர். இழந்த கூட்டத்திற்கு மாற்றாக ஒரு புதிய கூட்டத்தை இந்நூல் இவ்வாறு திரட்டிக்கொள்கிறது. மோதிரம் தராத ஏற்பை வாசகரிடமிருந்து பெற முயல்கிறது என்றே கூறவேண்டும்.

கண்ணாடியின் மறுபக்கம்

இம்முறையின் குறையும் இங்கேயே உள்ளது. ஒப்புதல் என்பது தீங்குற்றவரின் முன் நிகழும்போதே முழுமை பெறும். 'அவன்' செய்த பிழைகளைக் கூறுவோன் தாமே விசாரித்துத் தாமே தீர்ப்பும் கூறிவிடுகிறார். விலைமகளிரிடம் சென்ற நிகழ்ச்சிகள் துணிவோடு கூறப்பட்டுள்ளன. ஆனால் அப்பெண்கள் அவனது அனுபவமாக வருகின்றனரேயன்றி, அவனைக் கண்ட மனிதராக வரவில்லை. குடும்பத்துப் பெண்டிரின் பார்வைக்கும் நூலின் கட்டமைப்பில் உரிய எடையில்லை. அவனைத் தலைவர்களும் தோழர்களும் பார்த்த பார்வையே எடையுடையதாகிறது. எவருடைய கண்கள் கண்ணாடியாக மதிக்கப்படுகின்றன என்பதை அதிகாரமே முடிவு செய்கிறது. கூலியின் உவமை இதனைக் கூறவில்லை. வனவாசம் தன்னையறியாமல் இதனைக் காட்டுகிறது.

முடிவுரை

முத்தையா, நாராயணன், கண்ணதாசன் என்னும் மூன்று பெயர்களும் முறையே பிறந்த குடும்பம், கூட்டிக்கொண்ட குடும்பம், வாசக உலகம் ஆகிய மூன்று வகைப் பிறரைச் சுட்டுகின்றன. செட்டிநாட்டு ஊரமைப்பு ஒருவனுக்கு உறுதியான இடத்தை முன்கூட்டியே அளித்தது. அவ்விடம் சுவீகாரத்தால் ஒருமுறையும், கவிதையால் ஒருமுறையும், அரசியலால் ஒருமுறையும் இடம்பெயர்ந்தது. ஒவ்வொரு பெயர்வும் ஒரு 'அவனை'ப் பின்னே விட்டுச் சென்றது. வனவாசத்தின் படர்க்கை நடை அவ்வாறு விடப்பட்ட மனிதனுக்குரிய இலக்கணம்.

சமூகம் தன்னிலையை ஆக்குகிறது என்னும் கோட்பாட்டை இந்நூல் உறுதிப்படுத்துவதோடு ஒரு திருத்தத்தையும் தருகிறது. ஒருவனைச் சுற்றியிருக்கும் கண்ணாடிகள் பல. அவை ஒன்றோடொன்று முரண்படும். சிலவற்றை அவன் உடைக்கலாம், ஆனால் மற்றொன்றைத் தேடாமல் இருக்க இயலாது. தமிழ்த் தன்வரலாறுகளை ஆராய்வோர், கூறப்பட்ட செய்தியின் உண்மையைச் சோதிப்பதோடு, அது எந்த இடத்தில் நின்று, எவர் கண்முன் கூறப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். அவ்வாறு நோக்கின், 'அவன்' என்னும் ஒரு சொல்லே அந்நூலின் முதன்மையான வாக்குமூலம் என்பது புலனாகும்.