இலையோரத் தையல்

கண்டி–யாழ்ப்பாணம் வீதியில் தம்புள்ளைக்குப் போகிறவர்கள் நாலந்தாவில் இறங்குவது கெடிகேயைப் பார்க்கத்தான். போவத்தன்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாமல், கல் கல்லாகப் பிரித்து மேட்டில் திரும்ப அடுக்கிய கோயில் அது. அவசியம் பார்க்க வேண்டியதுதான். அப்படியே பக்கத்து வீட்டுத் தோட்டங்களிலும் சற்று நின்று பாருங்கள். தையல்சிட்டு அங்கே தைத்துக்கொண்டிருக்கும்.

கூடு என்று முதலில் தெரியாது. இலை ஒன்று சுருண்டு தொங்குகிறது, அவ்வளவுதான். இலையின் மேற்புறம் வெளியே தெரியும்படி மடித்துத் தைப்பதால் சுற்றியுள்ள பச்சையோடு அதுவும் ஒன்றாகிவிடுகிறது. கிட்டப் போனால்தான் விளிம்பு நெடுக வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சுப் பொட்டுகள் தென்படும். அவைதான் தையல்கள்.

தைப்பது பெண் பறவை. ஊசியும் அதன் அலகே. விளிம்பில் ஒரு துளையிட்டு, சிலந்தி நூலையோ பஞ்சையோ நாரையோ அதில் நுழைத்து எதிர் விளிம்போடு இழுத்துச் சேர்க்கிறது. முடிச்சுப் போடுவதே இல்லை. வெளியே வந்த நுனி பிரிந்து பூவாய் விரிந்துகொள்கிறது. அந்த விரிவே நூலை உருவவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு தையலும் தனி என்பதால் ஒன்று விட்டாலும் அடுத்தது தாங்கும். எல்லாவற்றையும்விட நான் வியப்பது துளையின் அளவை. அத்தனை நுண்ணியதாக இருப்பதால் இலை பழுப்பதில்லை. குஞ்சைச் சுற்றியுள்ள சுவர் கடைசிவரை உயிரோடு இருக்கிறது! உள்ளே மெத்தென்று பஞ்சும் மயிரும்.

1769இல் தாமஸ் பென்னன்ட் இந்தப் பறவையை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தியது இலங்கையை வைத்துத்தான். காய்ந்த இலையொன்றைப் பொறுக்கி வந்து பச்சை இலையோடு தைக்கும் என்று அவர் எழுதினார். செடியில் நிற்கும் பச்சை இலைகளையே தைக்கிறது என்பது பின்னால் கூர்ந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

தூக்கணாங்குருவியின் கூட்டைப் புகழாதவர் இல்லை. நெல்லிலையைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து வந்து ஆண் குருவி பின்னும் அந்த வேலை பெரிய வேலைதான். ஆனால் நுணுக்கம் என்று வந்தால், பத்துக் கிராம்கூடத் தேறாத தையல்சிட்டுக்கே என் வாக்கு.

தோட்டத்தில் செடி வெட்டுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஒட்டி நிற்கும் இலைகளைப் பிரித்துப் பார்க்காதீர்கள். முட்டை பொரிக்க இரண்டு வாரம், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். ஒரு மாதம் அந்தக் கிளையை விட்டுவையுங்கள்.